அரிதட்டு மா அரைப்பதில்லை

ஹவுன்ஸ்லோ நகரசபை எல்லைக்குள் ஒரு கிராமர் பாடசாலைகூட இல்லை. ஆனால் எட்டு வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கும் தமிழ் வீடு எதற்குள் போனாலும் பேச்சு கிராமர் பாடசாலையைப் பற்றித்தான். 281ஆம் இலக்க பஸ் எடுத்தால் கிங்ஸ்டன். அங்கே டிஃபின் பாடசாலையும் டிஃபின் பெண்கள் பாடசாலையும். 81ஆம் இலக்கம் எடுத்தால் ஸ்லோ. அங்கே நான்கு கிராமர் பாடசாலைகள். இன்னும் தூரம் போகத் துணிந்தவர்களுக்குச் சட்டன்: வில்சன்ஸ், நொன்சச், வொலிங்டன். கோடை விடுமுறை முடிந்த கையோடு பரீட்சை, ஒக்டோபர் 31 விண்ணப்ப இறுதி நாள், மார்ச் 1 இடம் அறிவிக்கும் நாள். இந்தத் திகதிகளைத் தைப்பொங்கலைவிடத் திருத்தமாக நினைவில் வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர்.

இதற்கு ஆகும் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாம் வகுப்பில் தொடங்கும் ரியூசன், சனிக்கிழமை மாதிரிப் பரீட்சை, விடுமுறையில் விசேட வகுப்பு. அந்தச் சனிக்கிழமைக்காகத் தமிழ்ப் பாடசாலை கைவிடப்படுகிறது. 'சோதனை முடிய வரட்டும்' என்று சொல்லி நிறுத்திய பிள்ளை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. காசையும் நேரத்தையும் மொழியையும் கொடுத்து நாம் எதை வாங்குகிறோம்?

'தரமான கல்வி' என்பதுதான் வழமையான பதில். அந்தப் பதில் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பத்திரிகைகள் போடும் தரவரிசையும் பதினொரு வயதுத் தெரிவுப் பரீட்சையும் கல்வியின் தரத்தை அளப்பவை அல்ல. வாசலுக்குள் யார் வந்தார்கள் என்பதையே அவை அளக்கின்றன. உள்ளே வந்த பிள்ளைக்குப் பாடசாலை என்ன செய்தது என்பது வேறு கேள்வி. நம் வீட்டுச் சமையலறையில் இரண்டு வேலைகளுக்கும் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. அரிதட்டு மாவை அரிக்கும், அரைக்காது. அரிதட்டில் மிஞ்சிய கட்டியைப் பார்த்துவிட்டு 'ஆலைக்காரன் கெட்டிக்காரன்' என்று யாரும் மெச்சுவதில்லை. பாடசாலை விஷயத்தில் மட்டும் நாம் அப்படித்தான் மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலின் கதையிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் பாடசாலைப் பெறுபேறுகளை ஒப்பிடும் பட்டியல்கள் 1992இல் அரசால் வெளியிடப்படத் தொடங்கின. பெற்றோர் வாடிக்கையாளர், பாடசாலை கடை, பட்டியல் விலைச்சீட்டு என்ற காலத்தின் சிந்தனை அது. நீண்ட காலம் முதன்மையாக இருந்த அளவுகோல், ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களின் விகிதம். அதன் விளைவைப் பல ஆசிரியர்கள் கண்ணால் கண்டார்கள்: டி எடுக்கக்கூடிய பிள்ளையைச் சிக்குத் தூக்கினால் பட்டியலில் ஏறலாம், எஃப் எடுக்கும் பிள்ளையை ஈக்குத் தூக்கினால் எதுவும் ஏறாது. ஆகவே விளிம்பில் நின்ற பிள்ளைக்கு மேலதிக வகுப்பு கிடைத்தது, அடியில் நின்ற பிள்ளைக்கு நாற்காலி மட்டும் கிடைத்தது. 2001இல் வேல்ஸ் இந்தப் பட்டியலைக் கைவிட்டது. வட அயர்லாந்தும் அதே ஆண்டு கைவிட்டது. இங்கிலாந்து கைவிடவில்லை.

2016இல் அளவுகோல் மாறியது. 'புரோகிரஸ் 8' என்ற புதிய கணக்கு வந்தது. ஆரம்பப் பாடசாலையின் முடிவில் ஒரே மட்டத்தில் இருந்த பிள்ளைகளை நாடு முழுவதும் எடுத்து, ஜிசிஎஸ்இயில் அவர்கள் சராசரியாக எங்கே வந்தார்கள் என்று பார்த்து, இந்தப் பாடசாலையின் பிள்ளைகள் அதைவிட மேலா கீழா என்று சொல்வது அதன் நோக்கம். அதாவது அரசே தன் பழைய பட்டியல் வாசலைத்தான் அளந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனாலும் 'சண்டே டைம்ஸ்' போன்ற பத்திரிகைகள் ஆண்டுதோறும் போடும் பட்டியல், உயர்ந்த தரங்கள் எத்தனை விழுக்காடு என்ற நேரடிக் கணக்கிலேயே நிற்கிறது. வாட்ஸப் குழுக்களில் சுற்றுவதும் அதுதான். விளைநிலத்தைப் பார்க்காமல் விளைச்சலை மட்டும் எண்ணும் கணக்கு.

புரோகிரஸ் 8உம் சுத்தமான தராசு அல்ல. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் லெக்கியும் ஹார்வி கோல்ட்ஸ்டீனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வறுமை, இனப்பின்னணி, வீட்டு மொழி போன்றவற்றையும் கணக்கில் எடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாடசாலை தேசியப் பட்டியலில் 500 இடங்களுக்கு மேல் நகர்ந்தது. கற்பித்தல் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, கணக்குப் போட்ட விதம் மட்டும் மாறியது. ஐந்நூறு இடம் ஆடும் ஒரு பட்டியலில் 40ஆம் இடத்துக்கும் 70ஆம் இடத்துக்கும் வித்தியாசம் தேடி வீடு மாறுகிறோம்.

இவர்கள் இருவரும் 2009இல் சொன்ன இன்னொரு விஷயம் பெற்றோருக்கு இன்னும் முக்கியம். 2025 இலையுதிர்காலத்தில் பாடசாலை தெரிவுசெய்த பெற்றோரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பிள்ளை 2026இல் ஏழாம் வகுப்புக்குப் போகும். 2031இல் ஜிசிஎஸ்இ எழுதும். அவர்கள் கையில் இருந்த மிகப் புதிய பெறுபேறு, 2025இல் எழுதியவர்களுடையது. அந்தப் பிள்ளைகள் 2020 செப்டெம்பரில், பெருந்தொற்றின் நடுவில், உள்ளே போனவர்கள். இரண்டுக்கும் இடையில் ஆறு ஆண்டுகள். அதற்குள் அதிபர் மாறலாம், கணித ஆசிரியர்கள் பாதிப்பேர் போகலாம். எதிர்காலத்தை ஊகிப்பதில் உள்ள இந்த நிச்சயமின்மையைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு பாடசாலை மற்றதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சோடிகள் மிகச் சிலவே என்பது அவர்களுடைய முடிவு. இன்னொன்று: 2020இலும் 2021இலும் ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சைகள் நடக்கவில்லை. ஆகவே 2025க்கும் 2026க்கும் புரோகிரஸ் 8 கணக்கே இல்லை. ஒப்பிடும் தராசு இல்லாத ஆண்டுகளில் மிஞ்சுவது பச்சைப் பெறுபேறுப் பட்டியல்தான். அரிதட்டுக்குக் கொண்டாட்டம்.

சரி, கிராமர் பாடசாலைகளில் கற்பித்தல் உண்மையிலேயே மேலானதா? இங்கிலாந்தில் 163 கிராமர் பாடசாலைகள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. டறம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கோராட், நாடியா சித்தீக்கி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளே வரும் பிள்ளைகளின் முன்னைய புள்ளிகள், வறுமை, எத்தனை ஆண்டு வறுமையில் இருந்தார்கள் என்பது உட்படப் பலவற்றைக் கணக்கில் எடுத்தது. அதன் பிறகு கிராமர் பாடசாலைக்கும் மற்றப் பாடசாலைக்கும் இடையில் மிஞ்சிய வித்தியாசம் ஏறக்குறையச் சைபர். அந்தப் பிள்ளைகள் ஹவுன்ஸ்லோவில் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே பெறுபேற்றைத்தான் எடுத்திருப்பார்கள் என்பது இதன் பொருள்.

'அப்படியானால் கிராமர் பாடசாலைகளின் புரோகிரஸ் 8 ஏன் உயர்வாக இருக்கிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் ஒரே உச்சப் புள்ளி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைகிறார், மற்றவர் இல்லை. முதலாமவரிடம் அந்த உச்சப் புள்ளி காட்டாத ஏதோ ஒன்று மேலதிகமாக இருக்கிறது: கூடுதல் திறமை, கூடுதல் பயிற்சி, அல்லது விடாப்பிடியான அம்மா. கிராமர் பாடசாலை அந்த மேலதிகத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஐந்து வருடம் கழித்து அதைத் தன் 'முன்னேற்றம்' என்று பட்டியலில் போட்டுக்கொள்கிறது. இரண்டாவது அரிதட்டால் அரித்ததை ஆலையின் கணக்கில் எழுதுவது இது.

இதே தர்க்கம் நகரசபைகளின் பட்டியலிலும் வேலை செய்கிறது. ஜிசிஎஸ்இ அட்டவணையில் கிங்ஸ்டனும் சட்டனும் மேலே நிற்பதைக் கண்டு வியக்கிறோம். பாடசாலை எங்கே இருக்கிறதோ அந்த நகரசபையின் கணக்கில்தான் பிள்ளையின் பெறுபேறு சேரும். ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஹவுன்ஸ்லோ ஆரம்பப் பாடசாலையில் எழுத்துக் கற்று, காலை 281இல் ஏறும் பிள்ளையின் ஒன்பதாம் தரங்கள் கிங்ஸ்டனுக்கு வரவு. பிறகு நாமே அந்தப் பட்டியலைப் பார்த்து 'ஹவுன்ஸ்லோ கொஞ்சம் குறைவுதான்' என்கிறோம். நாம் அனுப்பிய பிள்ளைகளால் உயர்ந்த எண்ணைக் காட்டியே நம் ஊரைத் தாழ்த்துகிறோம்.

இனித் தெரிவுப் பரீட்சைக்கு வருவோம். இந்தப் பரீட்சையின் வேர் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை அடுத்து உருவான ஏற்பாட்டில் இருக்கிறது. பதினொரு வயதில் ஒரு பரீட்சை. அதில் தேறியவர்க்குக் கிராமர், மற்றவர்க்குத் தொழில்நுட்பம் அல்லது 'செக்கண்டரி மொடேர்ன்'. புத்திக்கூர்மை பிறவியில் வருவது, அதைச் சிறுவயதிலேயே அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை இதற்கு ஆதாரமாக நின்றது. அந்த நம்பிக்கையின் பெரிய பூசாரி உளவியலாளர் சிறில் பேர்ட். அவர் இறந்த பின், 1970களில், அவருடைய இரட்டையர் ஆய்வுத் தரவுகள் நம்பத்தகாதவை என்று அம்பலமானது. பூசாரி போனார், விக்கிரகம் நிற்கிறது.

பரீட்சை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது? ஸ்லோ கிராமர் பாடசாலைகளுக்கான தகுதிப் புள்ளி 111. இத்தகைய பரீட்சைகளில் சராசரி 100, நியம விலகல் 15 என்று புள்ளிகளைச் சீராக்குவார்கள். உயர்தரத்தில் புள்ளிவிபரவியல் படித்த அண்ணன்மார் அக்காமார் நம்மிடையே ஏராளம். அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரீட்சையின் நம்பகத்தன்மை 0.95 என்று மிகத் தாராளமாக வைத்தாலும், ஒரு பிள்ளையின் புள்ளியில் நியம வழு மூன்றுக்கு மேல் வரும். 111 எடுத்த பிள்ளையும் 108 எடுத்த பிள்ளையும் அடுத்த நாள் காலை எழுதினால் இடம் மாறியிருக்கலாம். இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. 1957இலேயே இங்கிலாந்தின் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம், ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளை தவறான வகைப் பாடசாலைக்கு அனுப்பப்படுகிறது என்று மதிப்பிட்டது. தாளில் மூன்று புள்ளி. வீட்டில் அது 'கெட்டிக்காரப் பிள்ளை', 'கெட்டித்தனம் காணாத பிள்ளை' என்ற இரண்டு பெயர்கள். ஒரே வீட்டில் அக்கா சித்தி, தம்பி இல்லை என்றால், அந்த மூன்று புள்ளி சாப்பாட்டு மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும்.

அந்தப் புள்ளியை வாங்கவும் முடிகிறது. சட்டன் டிரஸ்ட் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிராமர் பாடசாலைப் பிள்ளைகளில் இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. கட்டணப் பாடசாலைகள் போன்ற அரச முறைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 13 விழுக்காடு அளவில். இதற்கு, 'ஏழைப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியவர்கள், அதனால்தான்' என்று பதில் சொல்ல முடியாதபடி அதே அறிக்கை இன்னொரு கணக்கும் தருகிறது. ஆரம்பப் பாடசாலை முடிவில் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் ஐந்தாம் மட்டம் எடுத்த, தெரிவு முறை உள்ள பகுதிகளின் பிள்ளைகளை எடுத்தால்: வசதியான வீட்டுப் பிள்ளைகளில் 66 விழுக்காடு கிராமருக்குப் போனார்கள், இலவச உணவுப் பிள்ளைகளில் 40 விழுக்காடு. ஒரே புள்ளி, வேறு வீடு, வேறு வாசல்.

'நாங்கள் பணக்காரர் இல்லையே. கட்டணப் பாடசாலைக்குக் கொடுக்க எங்களிடம் காசில்லை. கிராமர் இலவசம். அகதியாக வந்தவனின் ஏணி இது ஒன்றுதான். அதையும் உதைக்கச் சொல்கிறீர்களா?' நம்மவரிடமிருந்து வரும் ஆகப் பலமான வாதம் இது. கேலி செய்து தள்ளக்கூடியதல்ல. ஹீத்ரோவில் இரவு வேலை செய்து, பெற்றோல் நிலையத்தில் வார இறுதி நின்று, பிள்ளையை வைத்தியராக்கியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுடைய உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் அந்தப் பிள்ளையை ஏற்றியது எது என்று கேட்டுப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து கணக்குக் கொப்பியைப் பார்த்த அப்பாவா, பதினொரு வயதில் எழுதிய தாளா? அப்பாவை அந்தப் பிள்ளை ஹவுன்ஸ்லோப் பாடசாலைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். வீட்டின் பங்கைப் பாடசாலைக்குத் தாரைவார்த்துவிட்டு, பாடசாலைக்கே நன்றியும் சொல்கிறோம்.

ஏணி என்ற உவமையிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்தோ, வன்னியிலிருந்தோ, பாரிஸ் வழியாகவோ வந்து சேர்ந்த பிள்ளைக்கு அந்த ஏணியில் முதல் படியே இல்லை. ஆங்கிலச் சொல்வளமும் சொற்தர்க்கமும் கேட்கும் தாளை ஒரு வருடத்தில் பழக முடியாது. ரியூசனுக்குக் காசில்லாத, விசா முடிவாகாத வீட்டுப் பிள்ளைக்கும் இல்லை. அவர்களும் தமிழர்கள்தான். இருபது வருடம் முன்னால் வந்தவர்கள் ஏறிவிட்டு, நேற்று வந்தவர்களைப் பார்த்துத் 'திறமையிருந்தால் ஏறலாமே' என்று சொல்லும் ஏணி இது.

வெட்டுப்புள்ளி என்ற சொல்லை இவ்வளவு நெஞ்சுவலியோடு அறிந்த இன்னொரு சமூகம் லண்டனில் இருக்குமோ தெரியாது. 1970-71 பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதும். தரப்படுத்தல் நம் தலைமுறை ஒன்றின் வாழ்க்கையை மாற்றியது. பலரை இந்த நாட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. அந்த அநீதியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், 'புள்ளி புனிதமானது. அதில் கை வைப்பதுதான் பாவம்' என்பது. பாதிப் பாடம்தான் அது.

மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. தரப்படுத்தலுக்கு முன் யாழ்ப்பாணம் குவித்த புள்ளிகளுக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுப் பாடசாலைகள் நின்றன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியிலிருந்து வரும் மரபு அது. அதே காலத்தில் மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கும் மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்கும் அப்படியான ஆய்வுகூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அவர்களுடைய குறைந்த புள்ளி அவர்களுடைய மூளையின் அளவா? 'இல்லை' என்று நாம் எல்லோரும் சொல்வோம். ஸ்லோவில் 108 எடுத்த பிள்ளைக்கும் அதே பதிலைச் சொல்ல என்ன தயக்கம்? மொழி பார்த்துப் புள்ளியை வெட்டியது அநீதி. வசதி பார்த்துச் சேர்ந்த புள்ளியைத் திறமை என்று கும்பிடுவதும் அதன் மறுபக்கம்தான்.

இங்கிலாந்தின் தெரிவுமுறைக்கும் ஒரு தரப்படுத்தல் வரலாறு உண்டு என்பதை இரண்டாம் தலைமுறை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பதினொரு வயதில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிடக் கூடப் புள்ளி எடுத்தார்கள். பல பகுதிகளில் இடங்களைச் சமப்படுத்தப் பெண்களுக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது. பர்மிங்காமில் தெரிவுப் பாடசாலைகளில் ஆண்களுக்கு 540 இடங்கள், பெண்களுக்கு 360. ஆகவே கூடிய புள்ளி எடுத்த பெண் வெளியே, குறைந்த புள்ளி எடுத்த ஆண் உள்ளே. இது சட்டவிரோதமான பாகுபாடு என்று 1989இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வெட்டுப்புள்ளி இயற்கையின் கோடு என்று நம்புகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். எத்தனை கதிரை இருக்கிறதோ அதற்கேற்ப யாரோ ஒருவர் போடும் கோடு அது.

நம் பக்கத்து ஊரில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960களில் சவுத்தோல் பாடசாலைகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று வெள்ளைப் பெற்றோர் முறையிட்டார்கள். 1965இல் கல்வி அமைச்சு, ஒரு பாடசாலையில் குடியேறியவர் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. ஈலிங் நகரசபை சின்னஞ்சிறு பஞ்சாபிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றித் தூரப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. காரணம்: இவர்கள் கூடினால் தரம் கெடும். வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்பதே பாடசாலையின் தரம் என்ற நம்பிக்கையின் அசல் முகம் அது. இன்று வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் சராசரியைவிடக் கூடிய முன்னேற்றம் காட்டுகிறார்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. அன்று தரத்தைக் கெடுப்பவர்களாகப் பார்க்கப்பட்டவர்களின் வாரிசுகள் நாம். இன்று திறந்தநாளுக்குப் போய், வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு 'இந்த ஸ்கூல் வேண்டாம், ஆக்கள் சரியில்லை' என்கிறோம். அதே நம்பிக்கை, வேறு வாய்.

தரவரிசை பாடசாலைக்கு என்ன செய்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், 2017இல் ஓர்பிங்டனில் உள்ள சென்ட் ஒலேவ்ஸ் கிராமர் பாடசாலையைப் பாருங்கள். பதினொரு வயதில் அரித்து எடுத்த பிள்ளைகள். உயர்தர முதலாண்டில் எதிர்பார்த்த தரம் வராதவர்களை இரண்டாம் ஆண்டுக்கு எடுக்கப் பாடசாலை மறுத்தது. பெற்றோர் உயர் நீதிமன்றம் போனார்கள், பாடசாலை பின்வாங்கியது. பதினேழு வயதில் தடுமாறும் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதுதான் கற்பித்தல். அந்தப் பிள்ளையை வெளியே வைத்தால் பெறுபேறு உயரும், கற்பித்தல் உயராது. கிராமர்களோடு நின்றுவிட்ட நோயும் அல்ல இது. 2016க்கும் 2017க்கும் இடையில் பத்தாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புக்குப் போகும்போது 19,000 பிள்ளைகள் தங்கள் பாடசாலையின் பதிவிலிருந்து மறைந்தார்கள் என்று ஒஃப்ஸ்டெட் கணக்குக் காட்டியது. எல்லோரும் துரத்தப்பட்டவர்கள் அல்ல. வீடு மாறியவர்களும் உண்டு. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறெந்த அரச பாடசாலையின் பதிவிலும் தென்படவில்லை. பரீட்சைக்குச் சற்று முன் காணாமல் போகும் பிள்ளை எந்தப் பட்டியலையும் கெடுப்பதில்லை.

எல்லாப் பாடசாலையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நல்ல பாடசாலையும் மோசமான பாடசாலையும் உண்டு. ஹவுன்ஸ்லோ எல்லைக்குள்ளேயே, ஃபெல்தமில் 2012இல் தொடங்கிய ரீச் அகாடமி, தெரிவுப் பரீட்சை இல்லாமல், பல வறிய வீட்டுப் பிள்ளைகளோடு, 2017இல் தன் முதல் ஜிசிஎஸ்இ வகுப்பிலேயே நாட்டின் முன்வரிசை முன்னேற்றத்தைக் காட்டியது. அரைப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பட்டியல் உதவாது; கேள்விகள் உதவும். திறந்தநாளில் அதிபரிடம் கேட்க வேண்டியவை இவை. நடுத்தரப் புள்ளியோடு வந்த பிள்ளை இங்கே ஐந்து வருடத்தில் என்ன ஆனது? கடந்த இரண்டு வருடங்களில் எத்தனை ஆசிரியர்கள் போனார்கள்? பௌதிகத்தைப் பௌதிகம் படித்தவர் கற்பிக்கிறாரா? பத்தாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பதினொன்றில் இல்லை? பாதியில் வந்து சேர்ந்த, ஆங்கிலம் தெரியாத பிள்ளையை முதல் மாதம் யார் பார்த்துக்கொள்கிறார்? இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் பாடசாலை, எத்தனையாம் இடத்தில் இருந்தாலும் நல்ல பாடசாலை.

இரண்டாவது வேலை, உள்ளே போவது. அரச பாடசாலைகளின் ஆளுநர் சபைகளில் பெற்றோருக்கு இடமிருக்கிறது. ரியூசன் வாசலில் காரில் காத்திருக்கும் நேரத்தில் பாதி போதும், ஒரு சபைக் கூட்டத்துக்கு. கோயில் நிர்வாகத் தேர்தலுக்கு நம்மவர் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒன்றைப் பாடசாலைக்குக் காட்டினால் ஹவுன்ஸ்லோவின் பாடசாலைகள் நம் பேச்சையும் கேட்கும்.

மூன்றாவது, நம் சங்கங்களுக்கும் ஊர் ஒன்றியங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. கிராமர் பரீட்சையில் தேறிய பத்து வயதுப் பிள்ளைகளை மேடையேற்றிக் கேடயம் கொடுப்பதையும், படம் போட்டு வாழ்த்துவதையும் நிறுத்துங்கள். மண்டபத்தின் பின்வரிசையில் மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மேடை என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிளஸ் டூ முடிவு வந்தால் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று நாளேடுகள் முழுப்பக்கம் படம் போட்ட தமிழ்நாட்டில், 2017இல் அரசு அந்தத் தரவரிசை அறிவிப்பையே நிறுத்தியது. புள்ளிகள் பிள்ளைகளுக்குப் போயின, படங்கள் நின்றன. வானம் இடிந்து விழவில்லை. ஒரு மாநில அரசால் முடிந்தது, ஹவுன்ஸ்லோவில் ஒரு வருடாந்த விழாக் குழுவால் முடியாதா? அந்தக் கேடயங்களுக்கான காசில், நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு ஒன்று நடத்தலாம். தமிழ் வகுப்புக்குப் பக்கத்து அறையிலேயே.